கரியாலூரில் இருபத்தாறு கடுக்காய்

மே மாதம், சனிக்கிழமை. காலை 5.10, மூங்கில்துறைப்பட்டு.

கடைப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்களுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை என்னுடையது. உள்ளே ஒரு கம்ப்ரசரும் நாலு ஜாக்கியும்தான் இருக்கின்றன. ஒரு ஆளால் தூக்கவே முடியாது. இருந்தாலும் இழுத்துப் பார்ப்பேன். அரவை முடிந்து ஆலை ஓய்ந்திருக்கிற மாதம் என்பதால் ஒரு நாள் கடையை மூடினால் பெரிய நஷ்டம் இல்லை. அதையும் மனசுக்குள் மூன்று முறை சொல்லிக்கொண்டேன்.

சங்கராபுரம் வரை டவுன் பஸ். எனக்குப் பதினைந்து ரூபாய். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு இலவசம். ஜன்னல் ஓர சீட்டும் அவளுக்கே. வாந்தி மாத்திரை, எலுமிச்சம்பழம், ஆதார் கார்டின் ஜெராக்ஸ், ஒரு குடை எல்லாம் என் மடியில் இருந்த பையில் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் என் நோட்டு.

இந்தப் பயணமே அந்த நோட்டுக்காகத்தான் என்பதால் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பஞ்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். பக்கத்து டீக்கடையில் பழைய பேப்பர் கிடக்கும். நம் நாட்டில் தேசிய கால்பந்து லீக் ஆரம்பித்த முதல் வருஷம், ஜெயித்தது பஞ்சாபில் ஒரு மில்காரர்களின் அணி என்று அதில் படித்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆலை வாசலில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, ஒரு ஆலை அணி நாட்டுக்கே முதலாவதாக வந்தது என்றால் எப்படி இருக்கும்! அந்தத் துண்டைக் கிழித்து நோட்டில் ஒட்டினேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் யார் சாம்பியன் என்று பேப்பர் தேடி ஒட்டினேன். இருபத்தாறு வருஷம். கிரீஸ் கறை இல்லாத பக்கம் ஒன்றுகூட அதில் கிடையாது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு, சங்கராபுரத்தில் மாமனார் வீட்டில், என் சகலை தாமஸ் அந்த நோட்டைப் பார்த்தார். ஸ்டெல்லாவின் தங்கை ரோசியின் கணவர். உடற்கல்விக்குப் படித்தவர், கரியாலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். பிரியாணி வேகும் நேரத்துக்குள் முழுப் பட்டியலையும் எழுதி எடுத்துக்கொண்டார். நானும் பெருமையாகக் கொடுத்தேன்.

இந்த ஈஸ்டருக்கு அதே வீட்டில் ஒரு செல்போன் கைமாறிக்கொண்டே இருந்தது. அதில் சகலை ஒரு மைதானத்தில் நின்று, சாம்பியன்களை வருஷ வரிசையாகப் பார்க்காமல் சொல்கிறார். மலை ஜனம் கை தட்டுகிறது. மலையில் அவருக்கு ‘லிஸ்ட்டு வாத்தியார்’ என்றே பேராம். மாமனார் சொன்னார்: “தாமசுக்கு இன்னா மூள பாரு!” நான் அவருக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். யாருடைய நோட்டு என்று சகலை சொல்லுவார் என்று காத்திருந்தேன். பாயசம்தான் வந்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இந்த வருஷம் அந்த மைதானத்தில் வரிசையைச் சொல்லி முடிக்கிறவன் நானாக இருக்க வேண்டும்.

காலை 7.05, கள்ளக்குறிச்சி.

பஸ் நிலையத்தில் டீ பன்னிரண்டு ரூபாய். எங்கள் ஊரைவிட இரண்டு ரூபாய் ஜாஸ்தி, டம்ளரும் சின்னது. வெள்ளிமலை போகிற பஸ் 7.40-க்கு. கரியாலூருக்கு முப்பத்திரண்டு ரூபாய் டிக்கெட். பஸ் வந்ததும் எல்லோரும் சீட்டுக்கு ஓடினார்கள். நான் பின் சக்கரத்துக்கு ஓடினேன். தொழில் அப்படி. குனிந்து பார்த்தால், உள்பக்க டயரில் ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது.

“இன்னாங்க, அடியில எதையாச்சும் போட்டுட்டீங்களா?” என்று டிரைவர் கேட்டார்.

“நூலு தெரியுதுங்க. மலை ஏறுற வண்டி…”

“அது பொங்கல்லேர்ந்து தெரிஞ்சிக்கினுதான் இருக்குது. நீங்க பாக்காம இருந்தா அதும் பாட்டுக்கு ஓடும். ஏறுங்க.”

ஏறினேன். ஸ்டெல்லா எனக்கு இடம் பிடித்து வைக்கவில்லை.

கச்சிராயபாளையம் வரை சமதரை. இரண்டு பக்கமும் கரும்பு, நெல், நடுவில் செங்கல் சூளைகள். கோமுகி அணையைத் தாண்டியதும் வண்டி மூக்கைத் தூக்கியது. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரன் அடிக்க, நான் முன் கம்பியைப் பிடிக்க, பக்கத்து சீட்டுக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பேர் அண்ணாமலை. கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூர்க்காரர். மடியில் பெரிய பிளாஸ்டிக் பை. உள்ளே புதுசாக நம்பர் அடித்த ஜெர்சிகள்.

“மேட்ச்சு பாக்கவா?” என்றார்.

“வரிசை கேக்க.”

“அப்படிச் சொல்லு! எங்க வாத்தியாரு சொன்னா டிவி தோத்துப்புடும். தெனிக்கும் பாடம் நடத்தற ஆளு, இன்னமோ சாமி வந்த மாதிரி ஆயிடுவாரு. இன்னா அறிவு, இன்னா அறிவு!”

எலுமிச்சம்பழத்தை மோந்தேன். குமட்டல் மலை வளைவுகளால் வந்ததல்ல.

வரிசையின் சட்டத்தை அவர்தான் எனக்கு விளக்கினார். வாசகர்களுக்கும் அது தெரிந்திருப்பது நல்லது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கோணியை விரிப்பார்கள். சொல்கிறவர் வருஷத்தையும் ஜெயித்த ஊரையும் சொல்லச் சொல்ல, வருஷத்துக்கு ஒரு கடுக்காயை அந்தந்த ஊரின் குவியலில் வைப்பார்கள். மலையில் மூலைக்கு மூலை கிடைக்கிற பொருள் அதுதான். தப்பு என்று நினைக்கிறவர், கடுக்காய் கோணியைத் தொடுவதற்குள் ‘இல்ல’ என்று கூவ வேண்டும். கூவியது சரியானால் மீதி வரிசையை அவரே சொல்லி முடித்து, ஆட்டத்தின் முதல் உதையையும் அவரே உதைக்கலாம்.

“கூவினது தப்பானா?”

“ரெண்டு மூட்ட மரவள்ளி உரிக்கணும். எல்லாருக்கும் சாப்பாடு அதான? தப்பு யாரு மேலயோ அவரு உரிக்கணும், சொன்னவரானாலும் சரி, கூவினவரானாலும் சரி.”

அண்ணாமலை ஜெர்சிப் பையைத் தட்டிச் சிரித்தார். நான் பைக்குள் கை விட்டு நோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

காலை 9.50, கரியாலூர்.

இறங்கியதும் முதலில் தெரிந்தது காற்று. கீழே எரிந்துகொண்டிருந்த மே மாதம் இங்கே வந்து சேரவே இல்லை. செம்மண் சரிவில் மரவள்ளி, ஓரத்தில் பலா மரங்கள், அருவிக்குப் போகிற வேன்கள், வறுத்த கடலை, செல்ஃபி. சும்மா சொல்லக் கூடாது, அழகான ஊர். அங்கே மாசச் சம்பளத்தோடு ஒருவர் இருக்கிறார் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

சகலையின் குவார்ட்டர்ஸ் இரண்டு அறை. ஃபேன் இருக்கிறது, போடத் தேவையில்லை. ஜன்னலைத் திறந்தால் மலை. பின்பக்கம் பலா மரம், அதில் ஏழு காய். எண்ணினேன். என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஆலைக் கழிவின் வாடை வரும்.

“வாங்க சகல! டயர் எல்லாம் நல்லா இருந்துச்சா?” என்று டிராக் பேன்ட்டோடு வந்து கையைப் பிடித்தார். அக்காளும் தங்கையும் அடுப்படிக்குள் போனதும், நான் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் நோட்டைப் பிரித்து வைத்துப் படித்தேன். சகலை காபியோடு வந்தார். சட்டென்று மூடினேன். அவர் எதிரில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நோட்டின் மேல் தட்டை வைத்தேன். அவர் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனார். மறுபடி பிரித்தேன். மறுபடி வந்தார். மறுபடி மூடினேன்.

பகல் 12.00, மைதானம்.

கோல் கம்பம் சவுக்குக் கட்டை, வலை வாழைக்காய் கட்டுகிற கயிறு. எனக்குத் தெரிந்து நானூறு பேர் இருப்பார்கள். நடுக்கோட்டில் கோணி விரித்து, மடியில் கடுக்காயோடு பச்சையம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். காட்டில் கடுக்காய் பொறுக்கி வியாபாரிக்குப் போடுகிறவர். போட்டிக் கமிட்டியில் ஆறு ஆண்கள் இருந்தாலும் பேச்சு அவருடையதுதான்.

சகலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழு. பஞ்சாப்!”

முதல் கடுக்காய் விழுந்தது. என் மில் அணி. அந்தப் பேப்பர் துண்டில் இருந்த டீக்கறைகூட ஞாபகம் வந்தது. இவருக்கு அந்தக் கறை தெரியுமா?

“அடுத்தது கொல்கத்தா! அடுத்தது கோவா! அப்புறம் அஞ்சு வருஷம், வேற எவனயும் உள்ள வுடல, கொல்கத்தா, கொல்கத்தா, கொல்கத்தா…”

ஐந்து கடுக்காய் ஒரே குவியலில். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஐந்தில் சில பச்சை-அரக்குச் சட்டைக்காரர்கள் ஜெயித்தது, சில சிவப்பு-மஞ்சள் சட்டைக்காரர்கள் ஜெயித்தது. இரண்டு கூட்டமும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காது. இங்கே ஒரே கோணியில் ஒட்டி உரசிக் கிடந்தார்கள். ஆனால் மலையில் கிளப் கணக்கு இல்லை, ஊர்க் கணக்குதான் என்று அண்ணாமலை சொல்லியிருந்தார். அதனால் நானும் இங்கே ஊர்ப் பேரையே எழுதுகிறேன்.

கோவா ஒன்று. மும்பை ஒன்று. பிறகு தொடர்ந்து ஏழு வருஷம் கோவா. குவியல் சரிந்தது. பச்சையம்மா கையால் அணைத்துவிட்டார். பெங்களூரு. கொல்கத்தா. பெங்களூரு. ஒவ்வொன்றுக்கும் நான் உதட்டுக்குள் முன்கூட்டியே சொன்னேன், ஒவ்வொன்றும் சரியாகவே வந்தது. சரியாக வர வர எனக்கு எரிந்தது.

“ரெண்டாயிரத்துப் பதினாறு, பதினேழு…” சகலை நிறுத்தினார். மைதானமே எழுந்து நின்றது. நானும் எழுந்தேன். “முந்தின வருஷம் கீழ எறக்கிவுட்ட டீமு. கடைசி நேரத்துல திரும்பச் சேத்துக்கினாங்க. வந்து, பெரிய ஊர்க்காரன் எல்லாரையும் தாண்டி, மிசோரம் மலையிலேர்ந்து… ஐசால்!”

விசில் காதைப் பிளந்தது. ஒரு மலை ஊர் நாட்டுக்கே சாம்பியன் ஆன வருஷம். அந்தக் கடுக்காயை மட்டும் பச்சையம்மா தனியாக, கோணியின் தலைமாட்டில் வைத்தார். என் நோட்டில் ஐசால் மற்ற வருஷங்களைப் போல ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான். இப்படிச் சொல்ல எனக்கு வராது. அதுவும் எரிந்தது.

“பதினேழு, பதினெட்டு. பஞ்சாப். பதினெட்டு, பத்தொம்போது. கோயம்புத்தூர்!”

என் உடம்பு எனக்கு முன்னால் எழுந்துவிட்டது.

“இல்ல!”

பச்சையம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. நானூறு முகம் திரும்பியது. என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. “அது சென்னை! பேப்பர்ல போட்டது சென்னை! டீமு பேருலயே சென்னைதான் இருக்குது!”

மூன்று விநாடி இருக்கும். அந்த மூன்று விநாடி நான் ஜெயித்துவிட்டேன்.

“ஏங்க, யாருங்க நீங்க?” என்றார் பச்சையம்மா.

“வாத்தியாரோட சகலை.”

“சரிங்க. அந்த டீமு அந்த வருஷம் எந்த மண்ணுல ஆடுச்சு?”

“ஆடினது கோயம்புத்தூருதாங்க. ஆனா பேரு…”

“பேரு கெடக்குது. எங்க மலையில பேர வச்சிக்கினு டீமு எடுக்கறதே இல்ல. மூணு ஊருப் பசங்க சேந்து ஒரு டீமா ஆடுவானுங்க. பேரு வைக்கறதுல மண்ட ஒடையும். அதனால எந்த மைதானத்துல பழகறானோ அதான் அவன் ஊரு. எந்தம்பி கோயம்புத்தூர்ல கட்டட வேல பாத்துக்கினு இருந்தான். கேலரியில உக்காந்து தொண்ட கிழியக் கத்துனான். அங்க கத்துனவன்ல சென்னைக்காரன் எத்தினி பேருன்னு கேளுங்க!”

சிரிப்பு. நான் சகலையைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்தார்.

“சகல சொன்னது பேப்பர்படி சரிதான்,” என்றார்.

“மலப்படி?”

“மலப்படி… கோயம்புத்தூரு.”

கடுக்காய் கோணியைத் தொட்டது. யாரோ பின்னாலிருந்து, “மாமாவுக்குக் கத்தி குடுங்கப்பா, தீட்டுன கத்தியா குடுங்க!” என்றார்கள்.

பிறகு கொல்கத்தா ஒன்று, கேரளா இரண்டு. கோவா ஒன்பது, கொல்கத்தா எட்டு, பஞ்சாப் இரண்டு, பெங்களூரு இரண்டு, கேரளா இரண்டு, மும்பை, ஐசால், கோயம்புத்தூர் ஒவ்வொன்று. இருபத்தாறு. அதற்கு அப்புறம் நாட்டில் முதல் இடம் புது லீக்குக்குப் போய்விட்டது. அதில் பட்டியலில் முதலாவதாக வந்தவன் சாம்பியனா, கடைசி மேட்ச்சில் ஜெயித்தவன் சாம்பியனா என்ற பஞ்சாயத்து மலையில் இன்னும் தீரவில்லை. அதனால் இருபத்தாறோடு நிற்கிறது.

பகல் 1.00, பள்ளிச் சமையல் கூடத்தின் பின்புறம்.

மரவள்ளி உரிப்பது பஞ்சர் ஒட்டுவதைவிடச் சுலபம். மேல் தோலைக் கீறி, கட்டை விரலை உள்ளே கொடுத்து நெம்பினால் டயர் கழல்கிற மாதிரி கழன்று வரும். ஒரு மூட்டை முடிக்கும்போது மைதானத்தில் பெரிய கூச்சல். சகலை முதல் உதையை உதைத்துவிட்டார் என்று தெரிந்தது. கிழங்கு ஒன்று கையில் இரண்டாக உடைந்தது.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. கொரோனா காலத்தில் கேரளா அணி ஜெயித்த இரண்டு வருஷமும் எல்லா ஆட்டமும் கொல்கத்தா பக்கத்தில்தானே நடந்தது? மண்தான் கணக்கு என்றால் அந்த இரண்டு கடுக்காயும் கொல்கத்தாவுடையது! தண்ணீர் குடிக்க வந்த பச்சையம்மாவைக் கத்தியோடு எழுந்து மறித்துக் கேட்டேன்.

“கத்திய கீழ வைங்க மொதல்ல,” என்றார். “அந்த ரெண்டு வருஷம் எல்லா டீமும் அங்கதான ஆடுச்சு? ஒருத்தனுக்கும் சொந்த மண்ணு இல்ல. மண்ணு இல்லாத வருஷத்துக்குப் பேருதான் ஊரு. இதயும் நாங்க பேசி முடிச்சுட்டோம்.”

நான் உட்கார்ந்தேன். அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னை ஆறுதல்படுத்துகிறதாக நினைத்து ஒன்று சொன்னார். “வருத்தப்படாதீங்க. வாத்தியாரும் மொத வருஷம் இதே எடத்துலதான் மாட்டுனாரு. சென்னைன்னு சொன்னாரு. எந்தம்பி ‘இல்ல’ன்னு கூவிட்டான். நீங்க ஒக்காந்திருக்கற அதே கல்லுல ஒக்காந்து உரிச்சாரு. உங்க அளவுக்கு வேகம் இல்ல அவருக்கு.”

என் நோட்டில் சென்னை என்றுதான் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்து எழுதியவர் அவர். மலையில் அது தப்பு என்று உரித்துத் தெரிந்துகொண்டவர். காலையில் அவர் கண் முன்னால் நான் அதே நோட்டைப் படிக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது மூட்டையை நான் எப்படி உரித்தேன் என்று எனக்கே தெரியாது.

மாலை 4.20, கரியாலூர் பஸ் நிறுத்தம்.

சாப்பிட்டோம். அவித்த மரவள்ளியும் மிளகாய்ச் சட்னியும். ருசியாக இருந்தது என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் இரண்டாம் முறை வாங்கினேன். ஸ்டெல்லா ஒரு பலாக்காயோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சகலை வழியனுப்ப ஜன்னல் பக்கம் வந்தார். நான் படியிலேயே நின்று கேட்டுவிட்டேன்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமாமே. அதே கல்லுல உரிச்சீங்களாமே.”

அவர் முகம் மாறியது. “காலையில சொல்லலாம்னுதான் ரெண்டு வாட்டி வந்தேன் சகல. நீங்க டபக்குனு நோட்ட மூடிட்டீங்க.”

“மூடினா? வாய்ல சொல்லக் கூடாதா?”

டிரைவர் எஞ்சினை முடுக்கினார். சகலை படிக்குப் பக்கத்தில் வந்தார்.

“பயந்தான் சகல. இங்க எல்லாம் லிஸ்ட்டு வாத்தியாருங்கறாங்க. நோட்டு யாரோடதுன்னு நான் ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல. நீங்க வந்து நின்னதும், இன்னிக்கு எம் பேரு போச்சுன்னு நெனச்சேன். நான் விளையாட்டப் பத்தியே படிச்சு வேலைக்கு வந்தவன். எனக்கு இந்த வரிசை தெரியாது. நீங்க டயர் கழட்டிக்கினே பேப்பர் பொறுக்கி இருபத்தாறு வருஷத்த சேத்து வச்சிருக்கீங்க. நெனச்சாலே எனக்கு வயிறு எரியும் சகல. உங்க மேல எனக்கு அப்படி ஒரு பொறாம.”

ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“இன்னா சொன்னீங்க?” என்றேன், காதைச் சாய்த்து. “எஞ்சின் சத்தத்துல ஒன்னும் விழல.”

பாவம், நம்பிவிட்டார். “உங்க மேல பொறாமன்னேன்!” என்று கத்தினார். “அந்த நோட்டு மேல பொறாம!” பஸ்ஸில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசில் அடிக்க மறந்து நின்றார்.

“இருக்கட்டும் சகல, வுடுங்க,” என்று பெருந்தன்மையாகக் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

கச்சிராயபாளையம் வரை ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். “உரிச்சவருக்கு இவ்ளோ சிரிப்பா?” என்றாள். நான் பலாக்காயை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கோமுகி அணையில் மாலை வெயில் விழுந்து மினுங்கியது. கீழே கரும்புக் காட்டின் சூடு ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்க ஆரம்பித்தது. என் ஊர் நல்ல ஊர்தான். ஆலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, கடையில் வேலைக்கும் குறைச்சல் இல்லை. ஆனால் என்னைப் பார்த்து வயிறு எரிகிறது என்று அங்கே இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதைக் கேட்பதற்கு முப்பத்திரண்டு ரூபாய் டிக்கெட் எடுத்து மலை ஏற வேண்டியிருந்தது.